கொளுஞ்சி பற்றி நான் சொல்லாதது

11 பிப்ரவரி 2025, செவ்வாய்

ஆய்வகக் குளிர்பெட்டி மறுபடியும் பழுது. செல் குப்பிகளைப் பக்கத்துத் துறைக்கு மாற்றுவதிலேயே காலை போய்விட்டது. மெக்கானிக் நாளை வருவாராம். ‘நாளை’ என்று போன வாரமும் சொன்னார்.

மதியம் ஒரு நிருபர் போன் செய்தார். கொளுஞ்சிச் செடி பற்றிய எங்கள் ஆய்வுப் பேப்பர் பற்றிக் கல்லூரியிலிருந்து பத்திரிகைகளுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறார்கள். அவர் தலைப்பை மட்டும் படித்திருக்கிறார் என்று பேச்சிலேயே தெரிந்தது. கொளுஞ்சி புற்றுநோய் செல்லைக் கொல்லுகிறது என்று எழுதலாமா என்று கேட்டார். தட்டில் வளர்க்கிற செல்லைத்தான் என்றேன். சரி மேடம், கொல்லுதுல்ல என்றார். கொல்லுது என்றேன். அது போதும் என்றார்.

இன்னும் இரண்டு வாக்கியம் சொல்லியிருக்க வேண்டும். வகுப்புக்கு நேரமாகிவிட்டது என்று வைத்துவிட்டேன். நேரம் இருந்தது.

13 பிப்ரவரி

வந்துவிட்டது. ‘புதுக்கோட்டை மண்ணில் புற்றுநோய்க்கு மருந்து! பேராசிரியை டாக்டர் ஷர்லி சாதனை.’ மூன்று வருஷத்துக்கு முந்தைய போட்டோ.

அம்மா விடிந்ததும் கடைக்குப் போய், இருந்த பிரதிகளையெல்லாம் வாங்கி வந்துவிட்டார். மாதா கோவிலில் யார் யாருக்குக் கொடுக்க வேண்டும் என்று காபி ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தார். செபமாலை மகள் என்றுதான் என்னை எல்லோருக்கும் தெரியும், இனிமேல் தன்னை ஷர்லியின் அம்மா என்பார்களாம்.

செய்தியைப் படம் எடுத்து ஸ்டேட்டஸில் வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். ‘மருந்து’ என்று நான் எங்கேயும் எழுதவில்லை, சொல்லவுமில்லை. சாயங்காலம் என் பழைய கைடு வாழ்த்து அனுப்பினார். மறுபடியும் வைத்தேன்.

14 பிப்ரவரி

ப்ரியங்கா கேட்டாள். என்னிடம் பிஎச்.டி. செய்கிறவள், திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்துப் பெண். அந்தப் பேப்பரில் உள்ள சோதனை எல்லாம் அவள் கையால் செய்தது. “மேம், நார்மல் செல்லைப் பத்தி ரிப்போர்ட்டர் எதுவும் கேக்கலையா?”

பேப்பரைப் பரிசீலித்தவர்களே கேட்கவில்லை, நிருபர் எங்கே கேட்பார் என்றேன். சிரித்துக்கொண்டு சொன்னேன். அவள் சிரிக்கவில்லை.

இங்கேயாவது எழுதி வைக்கிறேன். குடுமியான்மலைப் பக்கத்து வயல்களில் பறித்த கொளுஞ்சிச் சாற்றை மார்பகப் புற்றுநோய் செல்களில் ஊற்றினோம், செத்தன. அதே அளவை நல்ல செல்களில் ஊற்றினோம், அவையும் செத்தன. திரும்பச் செய்தோம். திரும்பவும் செத்தன. ஃபினாயில் ஊற்றினாலும் அப்படித்தான் நடக்கும். பேப்பர் எழுதும்போது இரண்டாவது பகுதியை அடுத்த பேப்பருக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நான்தான் சொன்னேன். அடுத்த பேப்பர் என்று ஒன்று வராது என்று அப்போதே எனக்குத் தெரியும். எல்லாரும் செய்கிறதுதானே?

எல்லாருமா?

5 மார்ச், சாம்பல் புதன்

சாமியார் நெற்றியில் சாம்பல் பூசி மனம் திரும்பச் சொன்னார். அந்த நேரத்தில் என் மனதில் ஓடிக்கொண்டிருந்தது, நேற்று இன்னொருவர் என் பேப்பரை மேற்கோள் காட்டியிருக்கிறார் என்பது.

20 மார்ச்

கல்லூரி முதல்வர் கூப்பிட்டார். ஏகாம்பரம் சார் நல்ல மனிதர். அவர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ எளிதாக இருந்திருக்கும். எந்தப் பேப்பரை உலகத்தில் எத்தனை பேர் எடுத்துக் காட்டுகிறார்கள் என்று பார்த்துத்தான் கல்லூரிக்கு மதிப்பெண் போடுகிறார்களாம். நம் கல்லூரியில் அந்தப் பட்டியலில் மேலே இருப்பது என் பெயர். ‘இம்பாக்ட்’ என்ற சொல்லை அவர் சொல்லும்போது மேசையை விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். இணைப் பேராசிரியர் பதவிக்கு என் பெயரை அனுப்பியிருக்கிறார்.

நன்றி சார் என்றேன்.

14 மே, புதன்

இதை எழுத வேண்டாம் என்று பார்த்தேன். எழுதாவிட்டால் தூக்கம் வராது போலிருக்கிறது.

முதல்வர் அறையில் தேர்வு வேலையாக இருந்தேன். வாசலில் யாரோ என்னைத் தேடி வந்திருப்பதாக அட்டெண்டர் சொன்னார். முதல்வர் உள்ளே வரச் சொன்னார். வெள்ளைச் சட்டை, வேட்டி, தோளில் சாக்கில் சுற்றிய பெரிய பலாப்பழம். கீரமங்கலம் சந்தையில் வாங்கினாராம். பெயர் நிலவழகன், ஊர் வல்லத்திராக்கோட்டை. பழத்தை இறக்கி வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார். “டாக்டரம்மா” என்றார்.

அவர் மனைவி செவந்திக்கு மார்பில் புற்றுநோய். தஞ்சாவூர் பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி மருந்து சில தவணை ஏற்றி, கட்டியைச் சுருக்கி, பிறகு ஆபரேஷன் என்று சொல்லியிருக்கிறார்கள். முதல் தவணையிலேயே முடி கொட்டி, வாந்தி எடுத்துச் சுருண்டுவிட்டாராம். அந்த வாரம்தான் பேப்பரில் என் செய்தி. “எங்க வயக்காட்டுலயே கெடக்கு கொளுஞ்சி. நாங்க அதை மாட்டுக்கும் எருவுக்கும் போட்டுக்கிட்டு இருந்திருக்கோம் பாருங்க.” காலையும் மாலையும் கஷாயம் வைத்துக் கொடுக்கிறாராம். இப்போது முடி முளைத்துவிட்டது, நன்றாகச் சாப்பிடுகிறார்.

ஆஸ்பத்திரிக்குப் போவதை நிறுத்திவிட்டீர்களா என்று கேட்டேன்.

“அதான் நீங்க இருக்கீங்களே. அப்பறம் எதுக்கு ஊசி?”

முடி முளைத்தது ஊசியை நிறுத்தியதால். சாப்பாடு இறங்குவது ஊசியை நிறுத்தியதால். இது எனக்குத் தெரியும். முதல் வருஷ மாணவிக்குக்கூடத் தெரியும். சொல்ல வாயைத் திறந்தேன். முதல்வர் எழுந்து வந்து அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். போட்டோ எடுக்க ஆளைக் கூப்பிட்டார். நிலவழகன் ஒரு பக்கம், முதல்வர் ஒரு பக்கம், நடுவில் நான், எனக்கு முன்னால் பலாப்பழம்.

படம் இப்போது கல்லூரி ஃபேஸ்புக்கில் இருக்கிறது. பார்த்தேன். சிரித்துக்கொண்டிருக்கிறேன்.

15 மே

பழத்தை ஆசிரியர் அறையில் அறுத்தார்கள். எனக்கென்று இலையில் எடுத்து வைத்திருந்தார்கள். சாப்பிட்டேன். நல்ல இனிப்பு.

19 மே

அலுவலக வருகைப் பதிவில் அவர் நம்பர் இருந்தது. கூப்பிட்டேன். ஒரு மணி அடித்ததும் கட் செய்துவிட்டேன். அவரே திருப்பிக் கூப்பிட்டார்.

எடுக்கவில்லை.

27 மே

சிங்கப்பூரிலிருந்து என் கணவர் செந்தமிழன் போன். இரண்டு வாரமாக நான் சரியாகப் பேசுவதில்லை என்று கோபம். கடைசியில் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, “நீ நிறுத்தச் சொன்னியா? இல்லைல்ல. பேப்பர்க்காரன் எழுதுனதுக்கு நீ என்ன பண்ணுவ?” என்றார். ஆறுதலாக இருந்தது. பல் தேய்த்து, செபம் சொல்லி, விளக்கை அணைக்கும்வரை இருந்தது.

நிறுத்தச் சொல்லவில்லை. சரி. நிறுத்தாதே என்று சொன்னேனா? அவர் என் கண் முன்னால்தானே நின்றார். என்னடி பொம்பள நீ.

8 ஜூன், ஞாயிறு

பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை நின்றது. அம்மா போனார். நான் வெளியே செருப்புகளுக்குப் பக்கத்தில் நின்றேன். சாமியாரிடம் சொல்லி மன்னிப்பு வாங்கிவிட்டால் வல்லத்திராக்கோட்டைக்குப் போகாமல் இருந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

9 ஜூன்

இன்று வேறு வழியில்லாமல் போய்விட்டது.

ஜூலையில் கல்லூரி ஆண்டு விழா. முதல்வர் திட்டம்: எனக்குச் சிறந்த ஆராய்ச்சியாளர் விருது, அதே மேடையில் நிலவழகனும் செவந்தியும். கொளுஞ்சியை மாத்திரையாகப் போட ஒரு கம்பெனி முன்வந்திருக்கிறது. அவர்களும் வருவார்கள். நோயாளியே மேடையேறி இரண்டு வார்த்தை சொன்னால் அதைவிட என்ன சான்று வேண்டும் என்கிறார்.

அந்த அம்மாவுக்கு அலைச்சல் என்றேன். கார் அனுப்புகிறேன் என்றார்.

11 ஜூன்

போய்விட்டு வந்தேன்.

அறந்தாங்கி பஸ்ஸில் ஏறி வல்லத்திராக்கோட்டையில் இறங்கினேன். டீக்கடையில் வழி கேட்டேன். சுவரில் என் செய்தியை வெட்டி ஒட்டியிருந்தார்கள். பேப்பர்ல வந்த டாக்டருதானே என்று கடைக்காரர் பெஞ்சைத் துடைத்துவிட்டு டீ போட்டார், காசு வாங்கவில்லை. அந்த டீயைக் குடித்தது ஒரு தண்டனை மாதிரி இருந்தது.

சின்ன கான்கிரீட் வீடு. செவந்தி மட்டும் இருந்தார். வாசலில் உட்கார்ந்து கடலை உடைத்துக்கொண்டிருந்தார். என் வயதுதான் இருக்கும். இடது கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டே எழுந்தார். தலையில் புது முடி, ஆண்பிள்ளைக் கிராப்பு மாதிரி. என்னைப் பார்த்ததும் முகம் முழுக்கச் சிரிப்பு. அடுப்பில் அலுமினியப் பானை, அதில் கஷாயம். அந்த வாசனைக்கு அடியில் இன்னொரு வாசனை இருந்தது. மாற்றாத கட்டின் வாசனை.

நான் பேச்சை எப்படி ஆரம்பிப்பது என்று தடுமாறிக்கொண்டிருந்தபோது அவர் என் கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினார். ரவிக்கை ஊக்குகளைக் கழற்றினார். “அவுககிட்ட சொல்லல. பத்து நாளா தண்ணி மாதிரி வடியுது. நீங்க டாக்டரு, பாத்துச் சொல்லுங்க.”

பார்த்தேன். இத்தனை வருஷம் இந்த நோயைப் பற்றி எழுதியிருக்கிறேன். ஒரு மனுஷி உடம்பில் இதுவரை பார்த்ததில்லை.

“நான் அந்த டாக்டர் இல்லைங்க” என்றேன்.

அவர் அப்படியே நின்றார். பிறகு ஒவ்வொரு ஊக்காக மாட்டிக்கொண்டார். அந்த நேரம் முழுக்க நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்ப என்ன டாக்டரு என்று கேட்டார். படித்து வாங்கிய பட்டம் என்றேன். வைத்தியம் தெரியாது, தட்டில் செல் வளர்த்து அதில் மருந்து ஊற்றிப் பார்க்கிற வேலை. கொளுஞ்சி ஊற்றியபோது கெட்ட செல் செத்தது, நல்ல செல்லும் செத்தது. மனுஷருக்குக் கொடுத்துப் பார்க்கவே இல்லை. இது மருந்து இல்லை. உடனே தஞ்சாவூர் போக வேண்டும். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டினேன்.

“நல்லதும் சாகும்னு ஒங்களுக்கு எப்பத் தெரியும்?”

“பேப்பர்ல வர்றதுக்கு முன்னாடியே.”

அவர் முறத்தை எடுத்துக் கடலைத் தோலைப் புடைக்க ஆரம்பித்தார். ஒரு கையால்.

நிலவழகன் வந்தார். என்னைப் பார்த்ததும் அதே கும்பிடு. திரும்பவும் முதலிலிருந்து சொன்னேன். அவர் நம்பவில்லை. மருந்துக் கம்பெனிக்காரன் எவனாவது மிரட்டுகிறானா, எங்ககிட்ட பயப்படாம சொல்லுங்க என்றார். நான் இல்லை இல்லை என்று தலையாட்ட ஆட்ட அவர் முகம் கொஞ்சங்கொஞ்சமாக மாறியது.

“அன்னைக்குப் பழத்த வாங்கிக்கிட்டீங்களே” என்றார். சத்தமே போடவில்லை. “போட்டா எடுத்தீங்க. அன்னைக்கு ஏன் சொல்லல?”

முதல்வர் இருந்தார் என்று சொல்ல முடியுமா? பதவி உயர்வு இருந்தது என்று? வெட்கமாக இருந்தது என்றேன். அதுவும் முழு உண்மை இல்லை. வெட்கம் அப்புறம்தான் வந்தது. அன்றைக்கு எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

அவர் என் பக்கம் வந்தார், நான் பின்னால் நகர்ந்தேன். அவர் அடுப்புக்குத்தான் போனார். பானையைத் துணி பிடிக்காமல் வெறுங்கையால் தூக்கி வாசலுக்கு வெளியே கவிழ்த்தார். கை வெந்திருக்கும்.

செவந்திதான் பேசினார். வெள்ளிக்கிழமை தஞ்சாவூர் போவோம் என்றார். என்னைப் பார்க்காமலே, “நீங்களும் வரணும். அங்க வந்து சொல்லணும்” என்றார்.

13 ஜூன், வெள்ளி

மூவரும் ஒரே பஸ். நிலவழகன் முன் சீட்டில், கையில் கட்டு.

டாக்டர் பெயர் அமிர்தவல்லி. என்னைவிடச் சின்னவர். கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டு, ஏன் இத்தனை மாதம் வரவில்லை என்று கேட்டார். அதட்டவில்லை, களைப்பாகக் கேட்டார். செவந்தி சொன்னார்: “நாங்களாத்தான் நிறுத்திட்டோம்.”

நான் வந்து சொல்ல வேண்டும் என்று கூட்டி வந்தவர் அவர்தான். அந்த இடம் வந்ததும் என்னைக் காப்பாற்றப் பார்த்தார். ஏன்? பின்னால் இவ்வளவு நோயாளிகள் நிற்கும்போது எனக்கு அசிங்கமாகப் போய்விடும் என்றா? நிலவழகன் சுவரைப் பார்த்தார். நான் அப்படியே விட்டிருக்கலாம். யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்.

“என்னாலதான் டாக்டர் நிறுத்துனாங்க” என்றேன். பெயர், கல்லூரி, பேப்பர், செய்தி எல்லாம் சொன்னேன். வரிசையில் நின்றவர்களெல்லாம் கேட்டார்கள். டாக்டர் பேனாவை நிறுத்தி என்னை ஒரு பார்வை பார்த்தார். நோய்க்குறிப்பில் அதை எழுதிக்கொண்டார். ஸ்கேனுக்குச் சீட்டு எழுதினார். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம்.

24 ஜூன்

ஈரலுக்கும் முதுகெலும்புக்கும் போயிருக்கிறது.

அமிர்தவல்லி டாக்டர் மூவரையும் உட்கார வைத்துச் சொன்னார். இனிமேல் ஆபரேஷனால் பயனில்லை. மருந்து கொடுத்துப் பிடித்து வைக்கலாம், வலியைக் குறைக்கலாம். எடுத்து எறிய முடியாது. ஜனவரியில் ஆரம்பித்த ஊசியை நிறுத்தாமல் இருந்திருந்தால் முடிந்திருக்குமா என்று நிலவழகன் கேட்டார். டாக்டர், முடிந்திருக்க வாய்ப்பு நிறைய இருந்தது என்றார்.

பஸ்ஸில் செவந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து கந்தர்வகோட்டைவரை தூங்கிக்கொண்டே வந்தார். தூங்கவில்லை. இமை ஆடிக்கொண்டிருந்தது.

26 ஜூன்

முதல்வரிடம் சொன்னேன். நிஜமாகவே வருத்தப்பட்டார், கண்ணாடியைக் கழற்றிவிட்டு உட்கார்ந்திருந்தார். செவந்தியின் மருத்துவச் செலவுக்குக் கல்லூரி உதவும் என்றார். பேப்பரைத் திரும்பப் பெறப்போகிறேன் என்றதும் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். ஒரு பேப்பர் போனால் போகட்டும், கல்லூரி பெயர் என்ன ஆகும்? மற்ற பேராசிரியர்களின் பேப்பர்களையும் சந்தேகப்படுவார்கள். “நீங்க நிறுத்தச் சொல்லலையேம்மா” என்றார். செந்தமிழன் சொன்ன அதே வார்த்தை. எல்லாருக்கும் இந்த வாக்கியம் எப்படிக் கைவசம் இருக்கிறது?

மாலையில் ப்ரியங்கா. இதுதான் கஷ்டம். பேப்பர் இல்லாமல் அவள் தீசிஸ் கொடுக்க முடியாது. நாலு வருஷ உழைப்பு. நான் சொல்லி முடித்ததும் கையுறையைக் கழற்றிக் குப்பையில் போட்டாள். “நான் அன்னைக்கே கேட்டேன்ல மேம்?” என்றாள். ஆமாம் என்றேன். மறைத்தது என் முடிவு, உன் பங்கு இல்லை என்று ஆய்வுப் பத்திரிகைக்கு எழுதுகிறேன் என்றேன். “எழுதுங்க. ஆனா எனக்குப் பேப்பர் போனது போனதுதானே?” பையை எடுத்துக்கொண்டு ஊருக்குப் போய்விட்டாள்.

யாரைத் தொட்டாலும் காயமாகிறது. செவந்தி, இப்போது இந்தப் பெண்.

4 ஜூலை

ப்ரியங்கா வந்தாள். குட்மார்னிங் சொல்லவில்லை. நல்ல செல்கள் செத்த சோதனையின் படங்கள் எல்லாம் என் மெயிலில் இருந்தன, தேதிவாரியாக. கெட்ட செல், நல்ல செல் இரண்டின் படங்களையும் சேர்த்து அனுப்பச் சொன்னாள். அனுப்பிவிட்டேன். முழுப் பேப்பரையும் திரும்பப் பெறும்படி ஆய்வுப் பத்திரிகையின் ஆசிரியர் குழுவுக்கு எழுதினேன்.

12 ஜூலை

போன வாரம் நிருபருக்குப் போன் செய்தேன். அவர் நினைவு வைத்திருக்கவில்லை. திருத்தம் போடலாம் மேடம், ஆனால் சின்னதாகத்தான் வரும் என்றார். இன்று வந்தது. உள்பக்கத்தில், ராசிபலனுக்குக் கீழே, நாலு வரி. போட்டோ இல்லை.

அம்மா படித்தார். மடித்துத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டார். கோவிலில் யாருக்கும் கொடுக்கவில்லை. சாப்பிடும்போது மட்டும், “அந்தப் புள்ளைக்கி எத்தன புள்ளைக?” என்று கேட்டார். ஒரு மகள், நர்சிங் படிக்கிறாள் என்றேன். அம்மா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

இன்னொரு பிரதியிலிருந்து அந்த நாலு வரியை வெட்டி எடுத்துப்போய் வல்லத்திராக்கோட்டை டீக்கடையில் கொடுத்தேன். கடைக்காரர் படித்துவிட்டு, என் செய்தி ஒட்டியிருந்த இடத்துக்குப் பக்கத்திலேயே ஒட்டினார். பெரிசும் சின்னதும் பக்கத்தில் பக்கத்தில். பெரிசைக் கிழித்துவிடுங்கள் என்றேன். ரெண்டும் இருக்கட்டும் என்றார். இந்த முறை டீக்குக் காசு வாங்கிக்கொண்டார்.

25 ஜூலை

ஆண்டு விழா. அழைப்பிதழில் என் பெயர் இல்லை. பதவி உயர்வுப் பட்டியலிலும் இல்லை என்று கேள்வி. மாத்திரைக் கம்பெனி வரவில்லை, அது ஒன்றுதான் நிம்மதி.

22 ஆகஸ்ட்

மூன்றாவது தவணை. ஒவ்வொரு தவணைக்கும் நானும் போகிறேன். நிலவழகன் என்னோடு பேசுவதில்லை. டிக்கெட் மட்டும் மூன்று பேருக்கும் சேர்த்து எடுத்துவிடுகிறார். நான் கொடுத்தால் வாங்குவதில்லை.

மருந்து சொட்டுச் சொட்டாக இறங்கும்போது செவந்தி ஏதாவது பேசுவார். சீரியல் கதை, மகள் ஹாஸ்டல் சாப்பாடு, பக்கத்து வீட்டு ஆடு இவர் தோட்டத்தில் மேய்ந்தது. இன்று நடுவில் சட்டென்று கேட்டார்: “நீங்க இப்புடி வாரது எனக்காகவா, ஒங்களுக்காகவா?”

எனக்குத் தெரியவில்லை என்றேன்.

“தெரிஞ்சா சொல்லுங்க” என்று கண்ணை மூடிக்கொண்டார்.

3 அக்டோபர்

வலிக்கு மாத்திரையை மாற்றியிருக்கிறார்கள். நடக்கும்போது என் தோளைப் பிடித்துக்கொள்கிறார். முதலில் நிலவழகனைத்தான் பிடிப்பார். அவர் சீட்டு வாங்கப் போனபோது பிடித்தது, அப்படியே பழகிவிட்டது.

17 நவம்பர்

பேப்பர் திரும்பப் பெறப்பட்டது. ஆய்வுப் பத்திரிகையின் இணையதளத்தில் ஒவ்வொரு பக்கத்தின் குறுக்கேயும் சிவப்பில் அந்தச் சொல். கீழே காரணம், என் பெயரோடு. பழைய கைடு பார்த்திருப்பார். வாழ்த்து எதுவும் வரவில்லை.

போன வாரம்கூட யாரோ அதை மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். சிவப்பு எழுத்தைத் தாண்டித்தானே எடுத்திருக்க வேண்டும்? அவர்களுக்கும் மெயில் எழுதினேன். பதில் இல்லை.

ப்ரியங்கா நல்ல செல், கெட்ட செல் இரண்டையும் வைத்து, கொளுஞ்சி ஏன் மருந்தாகாது என்று முதலிலிருந்து எழுத ஆரம்பித்திருக்கிறாள். இதை யார் மேம் போடுவா என்றாள். தெரியாது என்றேன். எழுதுகிறாள்.

20 டிசம்பர்

செவந்தி இனி தஞ்சாவூர் வரவில்லை என்று சொல்லிவிட்டார். டாக்டரும் சரி என்றார். வலி மருந்தை வீட்டிலேயே கொடுக்கலாம்.

நான் எதற்கு வருகிறேன் என்பதற்குப் பதில் சொல்ல நினைத்துப் போனேன். என் கையில் தண்ணீர் டம்ளரைக் கொடுத்து ஸ்பூனால் ஊட்டச் சொன்னார். ஊட்டினேன். பதிலை அவர் கேட்கவில்லை.

9 ஜனவரி 2026

செவந்தி காலையில் போய்விட்டார்.

10 ஜனவரி

போனேன். தெருக்கோடியில் நின்றேன். பெண்கள் என்னைப் பார்த்துக் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள். பேசட்டும். மகள் வெள்ளைச் சுடிதாரில் உட்கார்ந்திருந்தாள், அம்மா ஜாடை. நிலவழகன் என்னைப் பார்த்தார். முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா வெந்நீர் போட்டு வைத்திருந்தார். தலைக்கு ஊத்திக்கம்மா என்றார். குளியலறையில்தான் அழுகை வந்தது. அவளுக்காகவா, எனக்காகவா? இப்பவும் தெரியல, செவந்தி.

18 பிப்ரவரி

மறுபடியும் சாம்பல் புதன். பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். சாமியார் மன்னிப்புக் கொடுத்தார். வாங்கிக்கொண்டேன். வெளியே வந்தபோது ஒன்றும் இலேசாகிவிடவில்லை.

14 மார்ச், சனி

மதியம் போன். நிலவழகன். எடுத்தேன்.

நலம் விசாரிப்பு எதுவும் இல்லை. கீரமங்கலத்தில் அவர் சித்தப்பா மகள், மார்பில் கட்டி. ஊசிக்குப் பயந்துகொண்டு யாரோ கொடுத்த வேர்ப்பொடியைத் தின்றுகொண்டு கிடக்கிறாள். எத்தனை சொல்லியும் கேட்கவில்லை. “ஒருக்கா இங்கிட்டு வந்துட்டுப் போறீங்களா?” என்றார்.

அடுத்த பஸ் பிடித்தேன். ஸ்டாண்டில் அவர் தன் எக்ஸெல் வண்டியோடு நின்றார். பின்னால் ஏறிக்கொண்டேன். பூச்சந்தை தாண்டி, தென்னந்தோப்பு நடுவே ஒரு வீடு. அந்தப் பெண்ணுக்கு முப்பது முப்பத்தைந்து வயது இருக்கும். யார் இவுக என்று அவரிடம் கேட்டாள். நான் என்னைப் பற்றி எப்படிச் சொல்வது என்று முழித்தேன்.

அவர்தான் சொன்னார். “தப்பா எழுதுனவுங்க. தப்புன்னு அவுங்களே ஊருக்குச் சொன்னவுங்க.”

அந்தப் பெண் பாயை விரித்தாள். ஊசி போட்டா முடி கொட்டுமா என்று கேட்டாள். கொட்டும் என்றேன். வாந்தி வருமா. வரும். அதுக்கு மாத்திரை தருவாங்க, முழுக்க நிக்காது. பொழைச்சிருவேனா என்று கேட்டாள். தெரியாது என்றேன். நான் வைத்தியம் படித்தவள் இல்லை, டாக்டர் பார்த்துத்தான் சொல்ல முடியும், சீக்கிரம் போனால் வழி நிறைய இருக்கிறது என்பது மட்டும் எனக்குத் தெரியும். நிலவழகன் வாசல்படியில் நின்று தோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். செவந்தி அத்தாச்சி போனதும் இதுலதானா என்று அந்தப் பெண் கேட்டாள். ஆமாம் என்றேன். எப்படி நடந்தது என்று எதையும் விடாமல் சொன்னேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை, குறுக்கே பேசவும் இல்லை.

அவள் எழுந்து உள்ளே போய் ஆஸ்பத்திரிக் கவரைத் தேடி எடுத்து வந்து அண்ணன் கையில் கொடுத்தாள்.

திரும்பும்போது நிலவழகன் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு வண்டியை அணைக்காமலே சொன்னார்: “திங்கக்கெழமை காலையில தஞ்சாவூர் பஸ்ஸு. நீங்க புதுக்கோட்டையில ஏறிக்கங்க. எடம் போட்டு வைக்கிறோம்.”